சேதுராமய்யரும் ஏலமலைச் சாட்சியும்

கேரளத்தில் எந்த ஊரிலாவது டீக்கடையில் நின்று, "சினிமாவில் வந்த துப்பறிவாளர்களில் பெரியவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி முடிவதற்குள் "சேதுராமய்யர்" என்ற பதில் வந்துவிடும். நெற்றியில் குங்குமம், பின்னுக்கு வாரிய தலை, முதுகுக்குப் பின்னால் கோத்துக் கொண்ட கைகள், உரக்கப் பேசாத குரல். அவர் நடந்து வரும்போது ஒலிக்கும் இசையைச் சிறு பிள்ளைகள்கூட வாயாலேயே பாடிக் காட்டுவார்கள்.

நம் சங்க அன்பர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மலையாளிகள் இப்படிக் கொண்டாடும் துப்பறிவாளர் ஒரு தமிழர்! "பட்டர்" என்று பாதி கேலியாகவும் பாதி மரியாதையாகவும் மலையாளிகள் குறிப்பிடும் கேரளத் தமிழ் ஐயர் அவர். அந்தப் படத்தைப் பற்றியும், அது எழுப்பிய கேள்வியைப் பற்றியும், அதே கேள்வி எங்கள் உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் ஒரு மழைநாளில் எழுந்து நின்றதைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

படமும் பாக்கெட் நாவலும்

"ஒரு சி.பி.ஐ. டயரிக் குறிப்பு" என்ற அந்தப் படம் 1988-ல் வெளிவந்தது. நான் அப்போது உடும்பஞ்சோலை தாலுகாவில் ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். படம் மலையேறி எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்து சேரச் சில மாதங்கள் ஆயின. ஒரு பக்கம் பாலா, தொடுபுழைப் பகுதிகளிலிருந்து குடியேறிய மலையாளிகள்; மறுபக்கம் போடி, கம்பம், தேவாரத்திலிருந்து வேலைக்கு வந்த நம்மவர்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் இரு சாராரும் ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைத்துக் கொண்டு, கொலையாளி யார் என்பதைத் தாங்கள் எந்த இடத்தில் கண்டுபிடித்தோம் என்று பீற்றிக் கொண்டார்கள்.

படத்தை எழுதியவர் எஸ்.என். சுவாமி, இயக்கியவர் கே. மது. அந்தப் புகழ்பெற்ற பின்னணி இசையை அமைத்தவர் சென்னையைச் சேர்ந்த சியாம். சேதுராமய்யராக நடித்தவர் மம்மூட்டி. சுவாமி முதலில் எண்ணியிருந்த பாத்திரத்தின் பெயர் அலி இம்ரான். அந்த அதிகாரி ஓர் ஐயராக இருந்தால் நன்றாயிருக்கும் என்று யோசனை சொன்னவர் மம்மூட்டிதான். அலி இம்ரான் என்ற பெயரும் வீணாகவில்லை. அதே ஆண்டில் வந்த "மூன்னாம் முறா" படத்தில் மோகன்லாலின் பாத்திரத்துக்கு அது கிடைத்தது. ஓர் இஸ்லாமிய நடிகர் கேட்டு வாங்கி நடித்த ஐயர் வேடத்தைத் தமிழரும் மலையாளியும் சேர்ந்து ரசித்தார்கள். சென்னையிலும் அந்தப் படம் மலையாளத்திலேயே நெடுநாள் ஓடியது. பிறகு 1989, 2004, 2005, 2022 ஆகிய ஆண்டுகளிலும் ஐயர் திரும்பி வந்தார்.

ஐயர் தனி ஆள் அல்லர். அவருடன் சாக்கோ என்ற கிறிஸ்தவ அதிகாரியும், வேடம் போட்டு ஊருக்குள் புகுந்து செய்தி சேகரிக்கும் விக்ரம் என்ற அதிகாரியும் உண்டு. முகேஷும் ஜகதி ஸ்ரீகுமாரும் அந்த வேடங்களில் நடித்தார்கள். ஒருவருக்குத் தெரியாத மனிதர்களை இன்னொருவருக்குத் தெரியும். ஒருவர் காதில் விழாதது இன்னொருவர் காதில் விழும்.

நாங்கள் துப்பறியும் கதைகளுக்குப் புதியவர்கள் அல்லர். போடி பஸ் நிலையத்துக் கடைகளில் தொங்கும் மாத நாவல்கள் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டு வழியாக எங்கள் லயங்களுக்கு வந்துவிடும். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும், சுபாவின் நரேந்திரனும் வைஜயந்தியும் எங்கள் மழைக்கால இரவுகளின் துணைவர்கள். பக்கத்து வீட்டு மலையாளிகளுக்குக் கோட்டயம் புஷ்பநாத்தின் மார்க்சினும் புஷ்பராஜும் இருந்தார்கள். பெரும்பாலும் இருவர் இருவராகவே துப்பறிந்தார்கள் என்பது ஏனோ எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை.

விழுந்தாரா, தள்ளப்பட்டாரா?

அந்தப் படத்தின் கதை ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. மழை பெய்த ஓர் இரவில் ஒரு பெண் மாடியிலிருந்து விழுந்து இறந்து கிடக்கிறாள். தற்கொலை என்று உள்ளூர்க் காவல்துறை வழக்கை முடித்துவிடுகிறது. அவளாக விழுந்தாளா, யாராவது வீசினார்களா? ஐயர் ஒரு பொம்மை உடலைச் செய்து, அதே மாடியிலிருந்து போட்டுப் பார்க்கிறார். கொட்டகையே மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்த காட்சி அது.

அது வெறும் கற்பனையன்று. 1982-ல் கொச்சி பாலாரிவட்டத்தில் ஒரு தங்கும் விடுதியின் மாடியிலிருந்து விழுந்து அதன் ஊழியர் ஒருவர் இறந்தார். அந்த வழக்கைப் பின்னர் எடுத்துக் கொண்ட சி.பி.ஐ., பொம்மை உடலைப் போட்டுச் சோதனை நடத்தியது. அந்த விசாரணையில் ஈடுபட்ட ராதாவினோத் ராஜு என்ற அதிகாரியே சேதுராமய்யருக்கு முன்மாதிரி என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அவர் கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்தவர்; ஐ.பி.எஸ். பணியில் காஷ்மீருக்கு ஒதுக்கப்பட்டவர். பிற்காலத்தில் தேசியப் புலனாய்வு முகமை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராகி, 2012-ல் காலமானார்.

பொம்மை சோதனையின் அடிப்படை நம் பள்ளிக்கூடப் பௌதிகம்தான். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் உடல் தரையைத் தொட ஏறக்குறைய 1.4 வினாடி ஆகும். அந்த நேரத்துக்குள் அது சுவரை விட்டு எவ்வளவு தூரம் விலகிப் போகிறது என்பது, விளிம்பை விட்ட கணத்தில் அதற்கு இருந்த வேகத்தைப் பொறுத்தது. கால் வழுக்கியவர் சுவரோரமாக விழுவார். ஓடிவந்து குதித்தவரோ, இருவர் கைகால் பிடித்து வீசியவரோ தள்ளிப் போய் விழுவார். ஆனால் இந்தத் தூரத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. லேசாகத் தள்ளப்பட்டவரும் வழுக்கி விழுந்தவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழக்கூடும். ஆகவே உடலில் உள்ள காயங்களும், விழுந்த இடத்தின் அடையாளங்களும், பார்த்தவர்களின் வார்த்தையும் அதனோடு சேர வேண்டும்.

கேரளத்தில் இதைச் சாதாரண மக்களுக்குப் புரிய வைத்தவர் டாக்டர் பி. உமாதத்தன். போலீஸ் சர்ஜனாகப் பல்லாண்டு பணிபுரிந்து, தம் அனுபவங்களை மலையாளத்தில் எழுதினார், 2019-ல் மறைந்தார். 1984-ல் மாவேலிக்கரை அருகே எரிந்த காரில் ஓர் உடல் கிடைத்தது. கார் சொந்தக்காரரான சுகுமாரக் குறுப்பே எரிந்து போனார் என்று எல்லாரும் நம்பினார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனையில் மூச்சுக்குழாயில் புகைக்கரி இல்லை. தீயில் சிக்கி இறந்தவர் புகையைச் சுவாசித்திருப்பார் அல்லவா? எரிவதற்கு முன்பே அவர் உயிர் போய்விட்டது என்பது அதனால் விளங்கியது. இன்ஷூரன்ஸ் பணத்துக்காகக் குறுப்பின் உடல்போலக் காட்ட, வழியில் லிப்ட் கேட்ட சாக்கோ என்ற அப்பாவி கொல்லப்பட்டிருந்தார்.

செத்த உடலுக்குத் தமிழ், மலையாளம் என்ற பேதம் இல்லை. அது எல்லாரிடமும் ஒரே மொழியில் பேசுகிறது. உயிரோடு இருக்கும் சாட்சியோ தன் தாய்மொழியில்தான் பேசுகிறது. எங்கள் தோட்டத்தில் நடந்ததை இனிச் சொல்கிறேன்.

எங்கள் பாறை

1994-ஆம் ஆண்டு இடவப்பாதி மழைக்காலம். ஏலத்தோட்டத்துக்குள் ஓடும் ஓடைக்கு மேலே ஐந்தாறு ஆள் உயரத்தில் ஒரு பாறை உண்டு. ஒரு மாலை வேலை முடிந்து திரும்பும்போது, தேனிப் பக்கத்திலிருந்து வந்திருந்த தொழிலாளி ஒருவர் அந்தப் பாறையிலிருந்து விழுந்து இறந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். அவரோடு வந்த இளைஞருக்கும் அவருக்கும் அன்று மத்தியானம் முன்பணம் பற்றி வாய்த்தகராறு நடந்ததைப் பத்துப் பேர் பார்த்திருந்தார்கள். பாறையில் நடந்ததைப் பார்த்தவர் பின்னால் விறகுக் கட்டோடு வந்த ஒரு வயதான அம்மாள் மட்டுமே.

இரவு போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் கோட்டயம் பக்கத்து மலையாளி, அதிகம் பேசாதவர். வந்ததும் முதல் வேலையாக, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரிலிருந்து ஒரு படுதாவைக் கொண்டுவரச் செய்து, பாறையின் மேல் விரித்து, நாலு மூலையிலும் கல் வைக்கச் சொன்னார். கொட்டுகிற மழையில் இந்த மனிதர் பாறைக்குப் போர்வை போர்த்துகிறாரே என்று எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு அந்த அம்மாளின் வாக்குமூலத்தை ஸ்டேஷன் ரைட்டர் எழுதிக் கொண்டார். இளைஞரை அழைத்துப் போனார்கள். அவர் அன்றிரவை ஸ்டேஷன் பெஞ்சில் கழித்தார்.

மறுநாள் காலை செக்ரோலை எடுத்துக் கொண்டு வரும்படி எனக்கு ஆள் வந்தது. இருவரும் அன்று எங்கே வேலை செய்தார்கள், எப்போது வேலை விட்டது என்று கேட்டுக் கொண்ட சப் இன்ஸ்பெக்டர், "சாட்சி இருக்கிறது, கணக்கப்பிள்ளே. இனி அதிகம் ஒன்றும் இல்லை" என்று சொல்லி, அந்த அம்மாளின் வாக்குமூலத்தை மலையாளத்தில் படித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: "இவன் தள்ளி, அவர் வீணு." அதாவது, இவன் தள்ளினான், அவர் விழுந்தார்.

எனக்கு எங்கோ இடித்தது. அந்த அம்மாளின் பேச்சு எனக்குப் பத்து வருஷப் பழக்கம். தள்ளிவிட்டதைச் சொல்வதாயிருந்தால் அவர் "தள்ளி விட்டுட்டான்" என்றுதான் சொல்லியிருப்பார். "சார், அந்த அம்மாளை இன்னொரு தரம் கேட்கலாமா?" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். எங்கள் ஆளைக் காப்பாற்ற நான் வழி தேடுகிறேன் என்று நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. ஆனாலும் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

அந்த அம்மாள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் எதையும் எடுத்துக் கொடுக்காமல், "நேத்து என்ன சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"பெரியவரு பாறை ஓரத்துக்குப் போனாரு, ஐயா. இந்தப் பையன் தள்ளி நின்னான். அவரு விழுந்துட்டாரு. அதைத்தான் நேத்தும் சொன்னேன்."

தள்ளி நின்னான்! தமிழில் விலகி நின்றான் என்று பொருள். மலையாளத்திலும் "தள்ளி" என்ற சொல் உண்டு. அங்கே அதற்குத் தள்ளினான் என்று பொருள். மழைச் சத்தத்தில், கம்பத்துப் பேச்சின் வேகத்தில், "நின்னான்" என்பது ரைட்டரின் காதில் நிற்கவில்லை. "தள்ளி" மட்டும் நின்றது. அவர் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. தம் மொழியில் தமக்குத் தெரிந்த சொல்லை எழுதினார். மத்தியானத் தகராறு தெரிந்தவருக்கு அந்தச் சொல் பொருத்தமாகவும் இருந்திருக்கும். எழுதிய பின் அதை அந்த அம்மாளுக்குத் தமிழில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் இதைக் கேட்டதும் சமாதானமாகிவிடவும் இல்லை. கோபித்துக் கொள்ளவும் இல்லை. "இப்போது சாட்சி மாற்றிச் சொல்கிறார் என்றும் வக்கீல் சொல்லலாமே" என்றார். எல்லாரையும் பாறைக்கு அழைத்துப் போனார். அந்த அம்மாளை அவர் நின்ற இடத்திலேயே நிறுத்தி, இளைஞர் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார். விளிம்பிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி ஒரு மரத்தைக் காட்டினார். பிறகு படுதாவை எடுத்தார்கள்.

படுதா போட்ட காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பாறையின் பாசி மேல் ஒற்றைக் கால் வழுக்கிய நீளமான கோடு. விளிம்புக்கு ஒரு முழம் முன்னால் விரல்கள் பிறாண்டிய தடங்கள். வேறொருவர் கால் ஊன்றிய அடையாளம் அங்கே இல்லை. கீழே உடல் கிடந்த இடமும் பாறையை ஒட்டியே இருந்தது. அவர் டேப்பை எடுத்து அளந்தார். நான் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டேன். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம் இறந்தவரின் நகங்களைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னார். பத்து விரல் நகக்கண்ணிலும் பாசி இருந்தது. தள்ளப்பட்டவனுக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. வழுக்கினவன்தான் பாறையைப் பிடித்துப் பார்த்திருப்பான் என்றார் சப் இன்ஸ்பெக்டர். "இதில் எது ஒன்றும் தனியாகப் போதாது. நாலும் ஒரே பக்கம் காட்டினால் போதும்."

அன்று மாலையே இளைஞரை விட்டுவிட்டார்கள். அதற்குள் இறந்தவரின் மனைவி போடியிலிருந்து ஜீப்பில் வந்து சேர்ந்திருந்தார். "எம் புருசனைக் கொன்னவன் எங்கே?" என்று கேட்டுக் கொண்டேதான் இறங்கினார். சப் இன்ஸ்பெக்டர் அவரைப் பாறைக்கு அழைத்துப் போய் விரல் தடங்களைக் காட்டினார்; அவர் மலையாளத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். அந்த அம்மாள் அந்தத் தடங்களின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு அழுதார். பிறகு யாரையும் எதுவும் கேட்கவில்லை. இளைஞரை மலைக்கு அழைத்து வந்ததே தன் கணவர்தான் என்று போகும்போது சொன்னார்.

ஒரு சொல்லால் ஒருவர் தூக்குமேடை வரை போயிருக்கலாம். ஒரு விதவை வாழ்நாள் முழுவதும் தவறான ஆளைச் சபித்துக் கொண்டிருந்திருக்கலாம். அந்தச் சப் இன்ஸ்பெக்டர் இல்லாமல் நான் மட்டும் இருந்திருந்தால் பாறையின் தடம் மழையில் போயிருக்கும். நான் இல்லாமல் அவர் மட்டும் இருந்திருந்தால் அந்த வாக்குமூலம் அப்படியே கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

கல்கத்தா முதல் சென்னை வரை

தடய அறிவியலின் வரலாற்றைப் புரட்டினால் இந்தக் கூட்டு புதிதன்று என்று தெரிகிறது. உலகின் முதல் கைரேகைப் பிரிவு 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. கைரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு எட்வர்டு ஹென்றி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரே நிலைத்துவிட்டது. அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவர்கள் அவருக்குக் கீழே பணிபுரிந்த அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள். அந்த முறை பயன்பட்ட முதல் வழக்குகளில் ஒன்று, எங்களைப் போன்ற ஒரு தோட்டத்தில் நடந்தது. ஜல்பைகுரி பகுதியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொல்லப்பட்டார். வங்காளிப் பஞ்சாங்கம் ஒன்றில் இரத்தம் படிந்த பெருவிரல் ரேகை கிடைத்தது. முன்னாள் வேலைக்காரர் ஒருவரின் ரேகையோடு அது பொருந்தியது. 1898-ல் நீதிமன்றம் அவரைத் திருட்டுக்குத் தண்டித்தது. கொலையை நேரில் பார்த்தவர் இல்லாததால் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ரேகை எவ்வளவு சொல்லும், எங்கே நின்றுவிடும் என்ற இரண்டும் அந்த முதல் வழக்கிலேயே தெரிந்துவிட்டன.

தமிழ்நாட்டில் 1952-ல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தலையில்லாத உடல் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டியில் மானாமதுரையில் கிடைத்தது. தலை சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் நிறுவினார்கள். அவர் முன்பு ராணுவத்தில் இருந்ததால் அங்கிருந்த கைரேகைப் பதிவும் ஆளை உறுதிப்படுத்தியது. இறந்தவர் தமிழர், தண்டனை பெற்றவர்கள் ஒரு மலையாளத் தம்பதி, விசாரித்த நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயரோ பாலக்காட்டு அயிலத்துக்காரர். ஊரே இரண்டாகப் பிரிந்து பேசிய வழக்கில் இரு மொழியும் அறிந்த ஒருவர் நீதி வழங்க அமர்ந்திருந்தார்.

1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அந்த வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்குத் தலைவர் டி.ஆர். கார்த்திகேயன், நம் "ஐயரின்" முன்மாதிரியான ராதாவினோத் ராஜு அதில் முக்கிய அதிகாரி, தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன். சென்னையில் "மல்லிகை" என்ற கட்டடத்தில் அவர்கள் இருந்தார்கள். பிற்காலத்தில் கார்த்திகேயனும் ராஜுவும் சேர்ந்தே அந்த விசாரணையைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். குண்டை வைத்திருந்தது ஒரு பெண், அதை இடுப்புப் பட்டையில் கட்டியிருந்தார் என்பதைச் சிதறிய துணித் துண்டுகளையும் கம்பிகளையும் உடல்கள் சிதறிய விதத்தையும் வைத்து விளக்கியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநராயிருந்த டாக்டர் பி. சந்திரசேகரன். 2000-ல் அவருக்குப் பத்ம பூஷண் வழங்கப்பட்டது. வெடியில் இறந்த புகைப்படக்காரரின் காமிராவில் மிஞ்சிய 10 படங்கள், சாகும்வரை அவர் கண்டதை அப்படியே காட்டின.

ஆனால் அதே வழக்கில்தான் வாக்குமூலம் எவ்வளவு மெல்லிய இழை என்பதும் தெரிந்தது. 19 வயதில் கைதான பேரறிவாளன், வெடிகுண்டுக்குப் பயன்பட்ட பாட்டரிகளை வாங்கித் தந்ததாக அவரது வாக்குமூலத்தில் இருந்தது. அன்று நடப்பிலிருந்த தடா சட்டப்படி போலீஸ் அதிகாரி பதிவு செய்த வாக்குமூலமே சாட்சியமாயிற்று. 1998-ல் தூக்குத் தண்டனை. 1999-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2013-ல், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற அதிகாரியே, பாட்டரி எதற்கு என்று தமக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். 2014-ல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது கைதாகி ஏறக்குறைய 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அங்கே மொழி தடையாயிருந்தது என்று நான் சொல்லவில்லை. விடுபட்டது ஒரு வாக்கியம். எங்கள் பாறையில் விடுபட்டது ஒரு வார்த்தை. நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்க்க முடியாத தடயம் மனிதர் சொல்.

இன்றைய மலையில்

நான் ஓய்வு பெற்றுப் பல வருஷங்கள் ஆகின்றன. இன்றும் விடியற்காலையில் தேனி மாவட்டத்திலிருந்து தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் மலையேறுகின்றன. அவர்களோடு ஜார்க்கண்ட், அஸ்ஸாம், மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தவர்களும் ஏலம் எடுக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு இந்தியும் சரியாக வராது. தங்கள் பழங்குடி மொழி மட்டுமே தெரியும். அன்று ஸ்டேஷனில் அந்த அம்மாள் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள். அன்று ரைட்டருக்குப் புரியாததை எடுத்துச் சொல்ல நான் இருந்தேன். அவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சில நல்லவற்றைச் சொல்கிறது. 7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடய அறிவியல் நிபுணர் நேரில் போக வேண்டும். மாநிலங்கள் இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்த 5 ஆண்டு அவகாசம் உண்டு. அன்று எங்கள் சப் இன்ஸ்பெக்டர் தம் புத்தியால் விரித்த படுதாவை இனிச் சட்டமே விரிக்கச் சொல்கிறது. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். உடும்பஞ்சோலையில் நடந்ததற்குப் போடியில் இருக்கும் மனைவி அங்கேயே புகார் கொடுக்க முடியும். வாய்மொழியாகக் கொடுத்த புகாரை எழுதியபின் கொடுத்தவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். இது பழைய சட்டத்திலும் இருந்தது. பலருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படித்துக் காட்டுவது அவருக்குப் புரிகிற மொழியில் இருந்தால்தானே பயன்? இதில் நம்மைப் போன்ற சங்கங்களுக்கு வேலை இருக்கிறது. பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அதோடு, தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த பத்துப் பேரின் பெயர்ப் பட்டியலை ஒவ்வொரு தாலுகாவிலும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நாமே கொடுத்து வைக்கலாம். வடக்கேயிருந்து வந்தவர்களின் மொழி தெரிந்தவரையும் தேடிச் சேர்க்கலாம். "எழுதினதை எனக்குப் புரியும்படி ஒருமுறை சொல்லுங்க சார்" என்று பணிவாகக் கேட்கத் தொழிலாளர்களுக்குச் சொல்லித் தரலாம். அப்படிப் போகிறவர் நம் ஆளுக்காக வாதாடப் போகக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி சொல்லவே போக வேண்டும். அந்த அம்மாள் ஒருவேளை "தள்ளி விட்டான்" என்று சொல்லியிருந்தால் அதையும் அப்படியே சொல்லியிருக்க வேண்டியவன்தான் நான்.

அந்தச் சப் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போகும் முன் ஒருநாள் தோட்டத்துக்கு வந்தார். டீ குடித்துக் கொண்டே, "எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன், கணக்கப்பிள்ளே. தமிழ்ப் படமெல்லாம் பார்க்கிறவன் நான்" என்றார். "எனக்கும் மலையாளம் தெரியும் என்றுதான் நினைப்பு, சார்" என்றேன். இருவரும் சிரித்தோம். புறப்படும்போது ஜீப்பில் ஏறியவர், வழியில் நின்ற என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார், நல்ல தமிழில்.